நேர்வு ஆய்வு மாநாடுகளும் நிர்வாகக் கல்வியும்

ஒரு நாட்டின் வளர்ச்சித் திட்டங்கள் வெற்றி பெறுவதற்கு முதலீடும் இயந்திரங்களும் மட்டும் போதா. அவற்றைத் தக்க முறையில் பயன்படுத்தும் ஆற்றல் பெற்ற நிர்வாகிகளும் வேண்டும். உரத் தொழிற்சாலையாயினும், மாவட்ட மருத்துவமனையாயினும், சிற்றூரின் பால் கூட்டுறவுச் சங்கமாயினும், யாரேனும் ஒருவர், எல்லா விவரங்களும் கையில் இல்லாத நிலையில், குறித்த நாளுக்குள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. அம்முடிவால் நன்மை அடைவோரும் உண்டு. இழப்புக்கு உள்ளாவோரும் உண்டு. இத்தகைய முடிவெடுக்கும் திறனைப் பாடநூலின் இலக்கணங்களை மனப்பாடம் செய்து பெற இயலாது. நீச்சலைத் தண்ணீரில் இறங்கியே பயில வேண்டியிருப்பது போல, முடிவெடுப்பதையும் முடிவெடுத்தே பயில வேண்டும்.

ஆனால், பயிற்சி பெறுபவரின் கையில் உண்மையான தொழிற்சாலையையோ சங்கத்தையோ ஒப்படைத்துவிட முடியாது. இந்த இடைவெளியை நிரப்ப உருவானதே நேர்வு ஆய்வு முறை. ஆங்கிலத்தில் 'கேஸ்' என வழங்குவதற்கு, அரசு அலுவலகக் கோப்புகளில் பயின்றுவரும் 'நேர்வு' என்னும் சொல் பொருத்தமாக அமைகிறது. ஒரு நிறுவனத்தில் உண்மையில் எழுந்த சிக்கலை, அதன் சூழ்நிலை, கணக்குகள், மாந்தர், கால வரையறை ஆகியவற்றுடன் எழுத்தில் வடித்து, முடிவை மட்டும் மாணவர்களிடம் விட்டுவைப்பதே கற்பித்தலுக்கான நேர்வு. கோட்பாடு ஒன்றைச் சோதிக்கவோ உருவாக்கவோ ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளும் நேர்வு ஆய்வு இதனின்றும் வேறானது. அதில் ஆசிரியரே முடிவுரை கூறுவார். கற்பித்தலுக்கான நேர்விலோ முடிவுரை கூறும் பொறுப்பு வகுப்பினுடையது.

இத்தகைய நேர்வுகளை எழுதுவதும் கற்பிப்பதும் தனிக் கலைகள். இவற்றை வளர்ப்பதற்கென்றே கல்வியாளர் கூடும் மாநாடுகள் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன. இம்மாநாடுகள் எவ்வாறு இயங்குகின்றன, இந்தியாவின் நிர்வாகக் கல்விக்கு இவற்றால் விளையக்கூடிய பயன் யாது என்பவை மாணவரும் அலுவலரும் அறிந்திருக்கத்தக்கவை.

முறையின் தோற்றம்

நேர்வு முறை முதலில் சட்டக் கல்வியில் தோன்றியது. அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 1870-ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல் என்பவர், சட்ட விதிகளை விரிவுரையாகக் கூறுவதை விடுத்து, நீதிமன்றத் தீர்ப்புகளையே மாணவர்களிடம் அளித்து, அவற்றிலிருந்து விதிகளைக் கண்டறியச் செய்தார். 1908-இல் அதே பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகக் கல்லூரி தொடங்கியபோது இம்முறையைப் பின்பற்றும் எண்ணம் இருந்ததேயன்றி, அதற்கு வேண்டிய நேர்வுகள் இல்லை. சட்டத் துறைக்கு நீதிமன்றங்கள் தீர்ப்புகளை எழுதி வழங்கிவிடுகின்றன. வணிகத் துறைக்கு அவ்வாறு எழுதித் தருவார் எவருமிலர். கல்லூரி ஆசிரியர்களே தொழிற்கூடங்களுக்குச் சென்று விவரம் திரட்டி எழுத வேண்டியிருந்தது.

1919-இல் அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற வாலஸ் டோன்ஹாம் சட்டம் பயின்றவர். வங்கித் துறையில் பணியாற்றியவர். அவரது ஊக்கத்தினால் நேர்வுகளைத் திரட்டும் பணி முறையாக நடைபெறத் தொடங்கியது. 1920-இல் மெல்வின் கோப்லாண்டு சந்தையியல் சிக்கல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1921-இல் எழுதப்பட்ட 'ஜெனரல் ஷூ கம்பெனி' என்னும் நேர்வு, வேலை நேரம் முடிவதற்கு முன்னரே தொழிலாளர் பணியை நிறுத்திவிடுவது பற்றியது. ஒரே பக்கத்தில் அடங்கிய அந்நேர்வு, இவ்வகை எழுத்தின் முன்னோடியாகக் குறிப்பிடப்படுகிறது. கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகமும் 1920-களிலேயே இம்முறையைக் கைக்கொண்டது. பொது நிர்வாகத் துறையில், ஹெரால்டு ஸ்டைன் தொகுத்து 1952-இல் வெளியான அமெரிக்க நேர்வு நூல், அரசு அலுவலரின் முடிவுகளும் இவ்வாறே ஆராயத்தக்கவை என்பதை நிலைநாட்டியது.

பல இடங்களில் ஆசிரியர்கள் நேர்வுகளை எழுதத் தொடங்கியபின், அவற்றை மதிப்பிடவும் பரிமாறிக்கொள்ளவும் அமைப்புகள் தேவைப்பட்டன. வட அமெரிக்காவில் நேர்வு ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று உருவாகி, ஆண்டு மாநாடுகளை நடத்துவதுடன் நேர்வுகளுக்கென்றே ஓர் ஆய்விதழையும் வெளியிட்டு வருகிறது. பிரிட்டனில் 1973-இல், கல்லூரிகள் தம்முள் நேர்வுகளைப் பகிர்ந்துகொள்வதற்காக, இலாப நோக்கற்ற நிலையம் ஒன்று கிரான்ஃபீல்டில் நிறுவப்பட்டது. ஐரோப்பிய நேர்வு நிலையமாக வளர்ந்த அது, 2013 முதல் 'தி கேஸ் சென்டர்' என்னும் பெயரில் இயங்குகிறது. நேர்வு முறையின் ஆராய்ச்சிக்கும் பயன்பாட்டுக்குமான உலகச் சங்கம் 1984-இல் தோன்றியது.

இந்தியாவில் நேர்வு முறை

விடுதலைக்குப் பின் பொதுத்துறைத் தொழில்கள் பெருகியபோது, அவற்றை நடத்துவதற்குரிய நிர்வாகிகளை உருவாக்கும் பணி முன்னுரிமை பெற்றது. 1961-ஆம் ஆண்டு இறுதியில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் நிறுவப்பட்டன. கல்கத்தா நிறுவனம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஒத்துழைப்பைப் பெற்றது. மத்திய அரசு, குஜராத் மாநில அரசு, தொழிலதிபர்கள், ஃபோர்டு அறக்கட்டளை ஆகியோரின் துணையுடன் உருவான அகமதாபாத் நிறுவனம் ஹார்வர்டுடன் தொடர்பு கொண்டு, நேர்வு முறையைத் தனது முதன்மையான கற்பித்தல் முறையாக ஏற்றது. விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் முயற்சி இதில் பெரும்பங்கு வகித்தது.

ஹார்வர்டுக்கு நேர்ந்த இடர்ப்பாடே அகமதாபாத்துக்கும் நேர்ந்தது. அமெரிக்க நேர்வுகள் ஆயத்தமாகக் கிடைத்தன. ஆயினும் அவை காட்டிய உலகம் வேறு. இறக்குமதி உரிமம், பங்கீடு, கூட்டுறவு, வேலைப் பாதுகாப்பு, பருவமழை ஆகியவற்றை எண்ணாமல் முடிவெடுக்க முடியாத நாட்டுக்கு, அந்நாட்டிலேயே எழுந்த நேர்வுகள் வேண்டியிருந்தன. எனவே ஆசிரியர்கள் நேர்வு எழுதுவதையும் தம் கடமையாகக் கொண்டனர். வேளாண்மைத் துறையின் நிர்வாகத்துக்கும் அந்நிறுவனம் தொடக்கத்திலேயே இடமளித்தது.

1965 முதல் 1972 வரை அதன் இயக்குநராயிருந்த ரவி மத்தாய், பின்னர் 1975-இல் ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தைச் சேர்ந்த ஜவாஜா வட்டாரத்தில் நெசவாளர், தோல் தொழிலாளர் ஆகியோரிடையே மேற்கொண்ட பணி ஈண்டு நினைவுகூரத்தக்கது. தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அப்பணியில் பங்கு கொண்டது. நிர்வாகவியல் என்பது பெருந்தொழில் அதிபர்களுக்கு மட்டும் உரியதன்று, வறிய கைவினைஞருக்கும் உரியது என்பதை அம்முயற்சி எடுத்துக்காட்டியது. 1979-இல் வர்கீஸ் குரியனின் முயற்சியால் ஆனந்தில் தோன்றிய ஊரக மேலாண்மை நிறுவனமும் இதே நோக்குடன், உற்பத்தியாளர் கூட்டுறவுகளுக்கு வேண்டிய நிர்வாகிகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது.

இந்திய நேர்வுகள் உலக வகுப்பறைகளிலும் இடம்பெற்றுள்ளன. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி வி. கஸ்தூரி ரங்கன் எழுதி, 1993-இல் ஹார்வர்டு வெளியிட்ட நேர்வு இதற்குச் சிறந்த சான்று. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கும் தரத்தில் குறையாத சிகிச்சை அளிக்கும் நிறுவனம், தன் பணியை மேலும் எவ்வாறு விரிவாக்குவது என்பது எந்நாட்டு மாணவரும் சிந்திக்கத்தக்க சிக்கலாக அமைந்தது.

அரசுப் பணித் துறையிலும் இம்முறை வேரூன்றியுள்ளது. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியல், நேர்மை, பணிநாட்டம் பற்றிய தனித்தாள் சேர்க்கப்பட்டது. அதில் நேர்வு ஆய்வு வினாக்கள் இடம்பெறுகின்றன. எனவே இன்றைய தேர்வு மாணவர் எவரும் நேர்வு முறையை அறியாதிருக்க இயலாது.

நேர்வு எவ்வாறு உருவாகிறது?

நல்ல நேர்வுக்கு அடிப்படை களப்பணி. எழுதுபவர் நிறுவனத்துக்கு நேரில் சென்று, முடிவெடுக்கும் நிலையில் இருந்தவரையும், அம்முடிவால் பாதிக்கப்பட்டவர்களையும் கண்டு உரையாட வேண்டும். கணக்கேடுகளையும் கூட்டக் குறிப்புகளையும் பார்வையிட வேண்டும். நாளிதழ்ச் செய்திகளையும் ஆண்டறிக்கைகளையும் கொண்டு எழுதப்படும் நேர்வுகளும் உண்டு. அவை எளிதில் கிடைப்பன. எனினும் முடிவெடுத்தவரின் மனத்தில் எழுந்த ஐயங்களை அவை பெரும்பாலும் காட்டுவதில்லை.

இரண்டாவதாக, நிறுவனத்தின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். மறைக்க வேண்டிய காரணம் இருப்பின், பெயர்களையும் ஊரையும் மாற்றலாம். கணக்குகளைக் குறித்த ஒரே விகிதத்தில் பெருக்கியோ சுருக்கியோ தரலாம். ஆனால் சிக்கலின் இயல்பு மாறலாகாது. மூன்றாவதாக, நேர்வுடன் ஆசிரியர் குறிப்பு ஒன்றும் எழுதப்பட வேண்டும். எப்பாடத்துக்கு, எந்நிலை மாணவர்க்கு இது உரியது, எவ்வினாவுடன் விவாதத்தைத் தொடங்குவது, எக்கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும், மாணவர் எங்கெங்கு தடுமாறக்கூடும் என்பவற்றை அது விளக்கும். ஆசிரியர் குறிப்பு மாணவர் கைக்குச் செல்லாது. அக்குறிப்பை எழுத முற்படும்போதுதான், நேர்வில் இன்றியமையாத விவரம் விடுபட்டிருப்பது பல நேரங்களில் எழுதியவருக்கே புலப்படுகிறது.

மாநாட்டின் தனித்தன்மை

வழக்கமான கல்வி மாநாட்டில் ஒருவர் கட்டுரை படிப்பார்; சிலர் வினா எழுப்புவர்; தலைவர் நன்றி கூறுவார். நேர்வு மாநாட்டின் நடைமுறை வேறு. அனுப்பப்பட்ட நேர்வுகளை, எழுதியவர் யார் என்பது அறியாத மதிப்பீட்டாளர்கள் முதலில் பரிசீலிக்கின்றனர். தேர்வு பெற்றவை பொருளின் அடிப்படையில் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஏனையோரின் நேர்வுகளையும் ஆசிரியர் குறிப்புகளையும் முன்கூட்டியே படித்து வருதல் வேண்டும். வட்டமேசையில் அமர்ந்து ஒவ்வொரு நேர்வையும் வரிவரியாக ஆராய்கின்றனர். அப்போது எழுதியவர் பேசுவதைவிடக் கேட்பதே மிகுதி.

முழுமை பெறாத முயற்சிகளுக்கும் இடம் உண்டு. களப்பணியைத் தொடங்கிய நிலையிலுள்ள ஆசிரியர்கள் ஓரிரு பக்கக் குறிப்பை முன்வைத்து, இதில் நேர்வுக்குரிய சிக்கல் இருக்கிறதா என்று அனுபவமுள்ளவர்களிடம் அறிந்துகொள்கின்றனர். வேறோர் அமர்வில் தேர்ந்த ஆசிரியர் ஒருவர், வந்திருப்போரையே மாணவராகக் கொண்டு நேர்வு ஒன்றை நடத்திக் காட்டுகிறார். பின்னர் நேர்வை விடுத்து, அவர் கற்பித்த முறையே விவாதத்துக்கு உள்ளாகிறது. எந்த வினாவால் வகுப்பு விழித்தெழுந்தது, எந்த இடத்தில் ஆசிரியர் தாமே விடையைக் கூறிவிட்டார் என்பவை வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. மாநாட்டின் கருத்துகளுக்கேற்பத் திருத்தப்பட்ட நேர்வு, பின்னர் ஆய்விதழுக்கோ நேர்வு நிலையத்துக்கோ அனுப்பப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

வட்டமேசை ஆற்றும் பணியை விளக்கக் கற்பனையான ஒரு நேர்வை எடுத்துக்கொள்வோம். ஒரு சிற்றூரில் 240 உறுப்பினர்களைக் கொண்ட பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாள்தோறும் 900 லிட்டர் பால் வந்துகொண்டிருந்தது. கொழுப்புச் சத்தைப் பொறுத்து விலை மாறுமாயினும், சராசரியாக லிட்டருக்கு 38 ரூபாய் வழங்கப்பட்டது. கோடை தொடங்கியதும், தனியார் பால் பண்ணை ஒன்று அவ்வூரிலேயே 41 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முற்பட்டது. மூன்றே வாரங்களில் சங்கத்தின் வரத்து 650 லிட்டராகக் குறைந்தது. சங்கத்தின் சேமிப்பு 3,20,000 ரூபாய். அது பால் குளிர்விப்புத் தொட்டி வாங்குவதற்காகச் சேர்த்து வைக்கப்பட்டது. திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. செயலாளர் என்ன பரிந்துரைப்பது?

முதல் வரைவு பின்வருமாறு முடிந்திருந்ததாகக் கொள்வோம்: செயலாளர் துணிவுடன் விலையை உயர்த்தினார், உறுப்பினர்கள் திரும்பி வந்தனர், சங்கம் சிறந்து விளங்குகிறது. வட்டமேசையில் எழும் முதல் ஆட்சேபம் இதைப் பற்றியதாகவே இருக்கும். முடிவை வெளியிட்டுவிட்டால் மாணவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. இது நேர்வன்று, பாராட்டுரை. கதை திங்கட்கிழமைக்கு முன் நிறுத்தப்பட வேண்டும்.

அடுத்துக் கணக்கு. தனியார் விலைக்கு ஈடாக 3 ரூபாய் உயர்த்தினால், 650 லிட்டருக்கு நாளொன்றுக்கு 1,950 ரூபாய் கூடுதல் செலவாகும். விலகிச் சென்றவர் அனைவரும் திரும்பினால், 900 லிட்டருக்கு 2,700 ரூபாய். கோடை 90 நாள் நீடிக்குமாயின் மொத்தச் செலவு 1,75,500 ரூபாயிலிருந்து 2,43,000 ரூபாய் வரை ஆகும். அதாவது, முயற்சி முழு வெற்றி பெற்றால் சேமிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கரைந்துவிடும். வெற்றியே செலவை உயர்த்துகிறது என்னும் இவ்வுண்மை முதல் வரைவில் மறைந்திருந்தது.

மற்றொருவர் ஆண்டிறுதி ஊக்கத்தொகையைப் பற்றிக் கேட்பார். சங்கம் லிட்டருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் வழக்கமுடையதாயின், உண்மையான வேறுபாடு 3 ரூபாய் அன்று, 1 ரூபாயே. எனினும், இன்று மாட்டுத் தீவனம் வாங்கப் பணமில்லாத குடும்பத்துக்கு ஆண்டிறுதியில் வரும் 2 ரூபாய் உதவாது. அவ்வாறாயின் சிக்கல் விலையில் உள்ளதா, பணம் வழங்கும் காலத்தில் உள்ளதா? கூட்டுறவுத் துறை அலுவலர் ஒருவர், காப்பு நிதியை இதற்குச் செலவிடச் சட்டமும் துணைவிதிகளும் இடம் தருமா என்று வினவுவார். இன்னொருவர், விலகிச் சென்றவர்கள் யார் என்று கேட்பார். நாளொன்றுக்கு 2 லிட்டர் ஊற்றும் பெண்களா, 20 லிட்டர் ஊற்றும் பெருவிவசாயிகளா? சென்ற பனிக்காலத்தில் பால் மிகுந்தபோது தனியார் பண்ணை எவ்வளவு வாங்கியது என்னும் வினாவும் எழும்.

இவ்வினாக்களுக்கு விடை தேடி எழுதியவர் மீண்டும் களத்துக்குச் செல்ல வேண்டும். அவ்வாறு சென்று திருத்தி எழுதிய நேர்வு, முதல் வரைவைவிடச் சற்று நீளலாம். ஆனால் அதைப் படிக்கும் மாணவர் செயலாளரின் நாற்காலியில் அமர்த்தப்படுகிறார். மாநாட்டின் பயன் இதுவே.

வகுப்பறையில்

நேர்வைக் கற்பிப்பது விரிவுரை நிகழ்த்துவதைவிடக் கடினமானது. மாணவர் ஒவ்வொருவரும் தனித்துப் படித்து, சிறு குழுவில் கலந்து பேசி, பின்னரே வகுப்புக்கு வருதல் முறை. ஆசிரியர் ஒரு மாணவரை அழைத்து, "நீர் செயலாளராயின் திங்கட்கிழமை என்ன கூறுவீர்?" என்று கேட்டுத் தொடங்கலாம். விலையை உயர்த்துவது, பத்து நாளைக்கு ஒருமுறை பணம் தருவதை நாள்தோறும் தருவதாக மாற்றுவது, தீவனத்தைக் கடனாக வழங்குவது, ஒன்றும் செய்யாமல் கோடையைக் கடப்பது என வரும் யோசனைகள் கரும்பலகையில் எழுதப்படும். ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவும், அதனால் பயன் பெறுவோரும் அருகே குறிக்கப்படும். ஆசிரியரின் பணி விடை கூறுவதன்று. காரணமின்றிக் கூறப்படும் விடையை ஏற்க மறுப்பதே.

நேர்வுக்கு ஒரே சரியான விடை இல்லை என்று கூறுவது வழக்கம். இதனை எவ்விடையும் சரியே என்று பொருள் கொள்ளலாகாது. கணக்குப் போடாத விடையும், சட்டத்துக்குப் புறம்பான விடையும், எளியோர் மீது சுமையை ஏற்றிவிட்டு அதனைக் கூறாமல் விடும் விடையும் குறைபாடுடையனவே. இவ்வேறுபாட்டை உணர்த்துவதில்தான் ஆசிரியரின் திறமை அடங்கியுள்ளது. அரசுப் பயிற்சி நிலையங்களில் இது மேலும் முக்கியமானது. உயர் அலுவலரின் கருத்துக்கு மாறாகப் பேசத் தயங்கும் சூழ்நிலையில் நேர்வு விவாதம் சடங்காக முடிந்துவிடும். பதவி வரிசையை வகுப்பறைக்கு வெளியே விட்டு வந்தாலன்றி இம்முறை பயனளிக்காது.

குறைகளும் விமரிசனங்களும்

நேர்வு முறைக்கு எதிரான கருத்துகளும் வலுவுடையவை. கனடா நாட்டுப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-இல் வெளியிட்ட நூலில், அனுபவமற்ற இளைஞர் சில பக்கங்களைப் படித்துவிட்டு நிறுவனத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கப் பழகுவது தவறான தன்னம்பிக்கையை வளர்க்கிறது என்னும் நோக்கில் இம்முறையைக் கண்டித்தார். நேர்வில் விவரங்கள் தொகுத்துத் தரப்படுகின்றன. வாழ்க்கையிலோ எவ்விவரம் வேண்டும் என்பதைக் கண்டறிவதே பெரும்பணி. இக்குறையை ஓரளவு போக்க, மாணவரையே களத்துக்கு அனுப்பி நேர்வு எழுதச் செய்யும் முறை சில கல்விக்கூடங்களில் பின்பற்றப்படுகிறது.

இரண்டாவது குறை, ஒப்புதலால் விளைவது. நிறுவனத்தின் கையொப்பமின்றி நேர்வை வெளியிட இயலாதாகையால், தோல்விகள் எழுத்தில் ஏறாமலே போகின்றன. நலிவுற்று மூடப்பட்ட ஆலையும், கடனை வசூலிக்க இயலாமல் முடங்கிய சங்கமும் கற்பிக்கக்கூடிய பாடங்கள் பல. ஆனால் அவற்றைப் பற்றி எழுத அனுமதிப்பவர் அரியர். வெற்றிகளை மட்டுமே பயின்ற நிர்வாகி, முதல் நெருக்கடியில் திகைத்து நிற்பது இயல்பு.

மூன்றாவது, அண்மைக் காலத்தில் எழுந்தது. பரவலாகக் கற்பிக்கப்படும் நேர்வுகளுக்கான விடைகள் இணையத்தில் கிடைக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நொடிகளில் நேர்வைச் சுருக்கி, பரிந்துரையும் எழுதித் தருகின்றன. எழுதிக் கொணரும் விடையைவிட, வகுப்பில் நேருக்கு நேர் எழும் எதிர்வாதத்துக்கு மாணவர் அளிக்கும் மறுமொழியே மதிப்பீட்டுக்கு ஏற்றதாகிறது. அத்துடன், பழைய நேர்வுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தாமல், புதியனவற்றை இடையறாது எழுத வேண்டிய தேவையும் பெருகியுள்ளது.

ஆற்ற வேண்டிய பணிகள்

இந்தியாவில் மேலாண்மைக் கல்வி அளிக்கும் கல்லூரிகள் பெருகிவிட்டன. ஆயினும் அவற்றுள் பலவற்றில் நேர்வு எழுதும் பழக்கம் வேரூன்றவில்லை. இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளே முதன்மையாகக் கணக்கிடப்படும் இடத்தில், பல மாதம் களத்தில் உழைத்து நேர்வு எழுத எவரும் முன்வரமாட்டார். சக அறிஞரின் மதிப்பீட்டுக்கு உட்பட்டு வெளியாகும் நேர்வுக்கு, ஆய்வுக் கட்டுரைக்கு நிகரான மதிப்பு அளிக்கப்படுதல் வேண்டும். மாநாடுகள் இம்மதிப்பீட்டுக்கு நம்பகமான களமாக விளங்க முடியும். வட்டமேசை விவாதத்தைக் கைவிட்டு, சான்றிதழ் வழங்கும் விழாவாக மாநாடு சுருங்குமாயின், அதன் நோக்கமே பாழாகும்.

நேர்வுகள் தேர்ந்தெடுக்கப்படும் துறைகளும் விரிவடைய வேண்டும். பெருநிறுவனங்களும் புதிய தொழில்நுட்ப நிறுவனங்களும் எழுதுவோரை எளிதில் ஈர்க்கின்றன. கைத்தறிச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, விவசாயிகளின் உற்பத்தி நிறுவனம், ஊராட்சியின் குடிநீர்த் திட்டம், சிறுதொழிற்பேட்டை ஆகியவற்றிலும் அன்றாடம் கடினமான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அவற்றைப் பதிவு செய்வதற்கு வட்டாரக் கல்லூரிகளே தகுதி வாய்ந்தவை. அவை களத்துக்கு அருகில் உள்ளன, மக்களின் மொழியையும் அறிந்துள்ளன. உறுப்பினரிடம் அவரவர் தாய்மொழியில் திரட்டிய விவரங்களை அம்மொழியிலேயே நேர்வாக எழுதினால், சங்கச் செயலாளர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் நடத்தப்படும் பயிற்சிகளிலும் அவை பயன்படும்.

அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் இதில் வழிகாட்ட முடியும். முடிந்துபோன திட்டங்களின் கோப்புகளை, தனிமனிதர் எவரையும் புண்படுத்தாத வகையில், ஆசிரியர்கள் பார்வையிட இசைவளிக்கலாம். எதிர்பார்த்த பலனைத் தராத திட்டங்களுக்கு இதில் முதலிடம் தர வேண்டும். பொதுப்பணத்தைச் செலவிட்டுப் பெற்ற அனுபவம் எழுதப்படாமல் கோப்பறையில் மறைந்துபோனால், அதே பாடத்தைக் கற்க மீண்டும் ஒருமுறை பொதுப்பணமே செலவாகும்.

சிற்றூர்ச் சங்கத்தின் செயலாளர் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குத் தனியே செல்கிறார். தம்மைப் போன்றவர் வேறோர் ஊரில் இதே நிலையில் என்ன எண்ணினார், எதைக் கணக்கிடத் தவறினார் என்பதை அவர் முன்னரே ஒரு நேர்வின் வாயிலாக விவாதித்திருப்பாராயின், 240 குடும்பங்களின் வருவாய் அதனால் பாதுகாக்கப்படலாம். வளர்ச்சிப் பணியின் பலன் இறுதியில் இத்தகைய ஆயிரக்கணக்கான சிறு முடிவுகளையே பொறுத்துள்ளது. அவற்றை எடுப்போரை ஆயத்தப்படுத்தும் நேர்வுகளைப் பொறுப்புடன் எழுதுவதும், நேர்மையுடன் கற்பிப்பதும் கல்வியாளர் நாட்டுக்கு ஆற்றும் பணிகளாகும்.